றவூப் நானா கேட்ட பொருத்தம்

றவூப் நானா எனக்கு நாலு இலட்சம் ரூபாய் கடன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வட்டி இல்லாத காசு, எழுத்து இல்லாத காசு, சாட்சி இல்லாத காசு. அப்படிக் காசு கொடுக்கக்கூடிய ஆட்கள் வெள்ளவத்தையில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களே மிஞ்சும். அதில் ஒருவன் நான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயதில் சாவகச்சேரியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து இரும்புக்கடையொன்றில் சீமெந்து மூட்டை தூக்கினேன். இன்று காலி வீதியில் என் ஹார்ட்வெயார் கடை மூன்று மாடி. மூன்றாவது மாடிக்குக் கொங்கிறீற் போட்ட அன்று நானும் சாந்துச் சட்டி தூக்கினேன். படித்த எஞ்சினியர் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இது றவூப் நானாவின் கதைதான். ஆனால் என்னைத் தெரியாமல் அவரைத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் இருவரும் ஒரே வளவில் அறை எடுத்திருந்தோம்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் மூட்டை தூக்கினேன்; அவர் புறக்கோட்டை நடைபாதையில் வெட்டுத்துணி விற்றார். நோன்பு மாதத்தில் பின்னேரம் அறைக்கு வரும்போது பள்ளிவாசல் கஞ்சி ஒரு கோப்பை அவருக்கு, ஒரு கோப்பை எனக்கு. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடியாத மனிதர், என்னுடைய கோப்பையை என் கையில் தந்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுப்பார். பிறகு நான் வெள்ளவத்தையில் கடை போட்டேன். அவரும் வந்து பக்கத்து ஒழுங்கையில் ஒரு துணிக்கடை போட்டார், வீடு தெஹிவளையில். அவருடைய கடை ஒரு கட்டில் போடுகிற அகலம். அன்றும் அவ்வளவு, இன்றும் அவ்வளவு. ஏன் வளரவில்லை என்று கேட்டால் காரணம் எனக்குத் தெரியும். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் மனிதர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

"நானா, துணி வெட்டக் காத்துக்கொண்டு நிக்கிற சனத்தை விட்டிட்டு எங்க போறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாங்கு செல்லியாச்சி மொதலாளி. துணி எங்க ஓடப் போகுது?"

"துணி ஓடாது. சனம் ஓடும்."

"ஓடுற சனம் எனக்கு எழுதின சனமில்ல."

இன்னொன்று. ஒவ்வொரு நோன்பு மாதமும் கடையைப் பாதி சாத்திவிட்டு, அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கிற துணியையெல்லாம் இறக்கி அளந்து விலை போடுவார். நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் என்று ஏழைகளுக்குப் போகும். இலாபத்தில் நாற்பதில் ஒன்றோ என்று கேட்டேன். இல்லையாம், இருக்கிற சரக்கிலும் கையில் இருக்கிற காசிலும். விற்காத சாமானுக்கும் காசு கொடுக்கிற வியாபாரியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கடன்பட்டது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளுக்குள் காலெடுத்து வைக்கச் சனம் யோசித்த மாதங்கள் அவை. பெருநாளுக்கென்று செக் கொடுத்து வாங்கிய சரக்கு அப்படியே கிடந்தது. செக் திரும்பினால் கடை போய்விடும். நான் என் கடையிலிருந்து பட்டப்பகலில் நடந்துபோய், நாலு இலட்சத்தை அவருடைய வெட்டுமேசையில் வைத்தேன். அந்த ஒழுங்கையே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் பகலில் போனேன். இரண்டு வருடம் கழித்து, கொரோனா நேரம், தவணை கேட்டு வந்தார். "விட்டாச்சு நானா, மறந்துபோங்கோ" என்றேன். நாலு இலட்சத்தை ஒரு சொல்லில் விட்டவன் நான். அதைக் கலியாண வீடுகளில் நாலு பேருக்குச் சொன்னதும் உண்மை. செய்த நல்லதை மூடிவைக்க நான் என்ன களவா எடுத்தேன்?

இந்த வருடம் றவூப் நானாவுக்கும் மனைவி மஸாஹிராவுக்கும் ஹஜ்ஜுக்குப் போகப் பெயர் வந்தது. வசதி உள்ளவன் உயிரோடு இருக்கையில் ஒருதரமாவது மக்காவுக்குப் போகவேண்டும் என்பது அவர்களுக்குக் கடமை. ஒருதடவை கொரோனாவில் நின்றது, அடுத்த தடவை நாட்டில் டொலர் இல்லாமல் நின்றது. இந்தமுறை பிள்ளைகள் சேர்ந்து காசு கட்டிவிட்டார்கள். சனிக்கிழமை இரவு விமானம். வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது.

"மொதலாளி, நாளைக்குப் பின்னேரம் அஸருக்குப் பொறகு குடும்பத்தோட ஒங்கட வீட்டுக்கு வாறம். ஒரு பொருத்தம் கேக்க ஈக்கி." வைத்துவிட்டார்.

பொருத்தம்! எங்கள் வீட்டில் இந்த வருடம் அதிகம் புழங்கிய சொல் அதுதான். என் மகள் ஹம்சிகாவுக்கு முப்பத்திரண்டு. பம்பலப்பிட்டியில் வங்கி வேலை. வந்த சாதகம் ஒன்றுக்கும் பொருத்தம் இல்லை. பொருத்தம் பார்க்கிற ஐயர் உதட்டைப் பிதுக்கியே எங்களைக் களைக்கவைத்துவிட்டார். அதே வங்கியில்தான் றவூப் நானாவின் கடைசி மகன் நபீஸும் வேலை. போன கிழமை மழைக்குள் நபீஸின் காரிலிருந்து ஹம்சிகா சிரித்துக்கொண்டு இறங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்ததை என் மனைவி கனகேஸ்வரிக்குச் சொன்னதுதான் பிழை. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

"பொருத்தம் கேக்க வருகினமோ? குடும்பமாகவோ?" என்றாள். "இதுக்குத்தானே பயந்தனான்."

"வரட்டும். நான் கதைக்கிறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால், றவூப் நானா தோய்த்து மடித்த வெள்ளை ஜுப்பாவில். பக்கத்தில் மஸாஹிரா. பின்னால் நபீஸ், கையில் மினுங்கல் பேப்பர் சுற்றிய பெரிய தட்டம். அதில் நெய் மினுங்குகிற முஸ்கற் இனிப்பு. கனகேஸ்வரி தட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் வேறு எப்படி வருவார்கள்?

இருக்கச் சொன்னேன். ஒருவரும் கதிரையில் சாய்ந்து இருக்கவில்லை.

"மொதலாளி, நாளைக்கு ராவைக்கு ஃப்ளைட்," என்றார் றவூப் நானா.

"தெரியும்."

"போக முந்தி ஒங்கட பொருத்தம் கெடைக்கோணும். இல்லாட்டி நான் போய் எனத்த பலன்? எத்தின வருசமா மனசுக்குள்ள வெச்சிட்டு ஈந்த. நேர செல்ல வெக்கமாப் பெய்த்து."

எத்தனையோ வருடமாம்! என் காது சுட்டது. "ஆர் முதல்ல கதையைத் துவக்கினது?" என்று கேட்டேன்.

"நபீஸ்தான். 'இனியும் இழுத்தடிக்காம நேர பெய்த்துக் கேளுங்க வாப்பா, மொதலாளி மறுக்க மாட்டார்'ண்டான்."

நபீஸைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு இரத்தம் கொதித்தது. அதற்குள் றவூப் நானா ஜுப்பாப் பைக்குள் கையை விட்டு ஒரு தடித்த கவரை எடுத்தார். "இதையும் கொண்டுவந்தீக்கிறன். கைல எடுங்க."

அவர்களில் மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மஹர் என்று காசு கொடுக்கிற வழக்கம். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத வழக்கம் கொழும்பில் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அதை உள்ள வையுங்கோ!" எழும்பிவிட்டேன். "என்ர வீட்டில காசைக் காட்டாதேங்கோ."

"மொதலாளி, கோவப்பட வேணாம். ஒங்கட பொருத்தம் இல்லாம…"

"நானா, அம்பது வருசப் பழக்கம். அதாலதான் மரியாதையாச் சொல்லுறன். என்ர உயிர் இருக்குமட்டும் உங்களுக்கு இந்த வீட்டில பொருத்தம் இல்லை."

அவருடைய முகம் வெளிறிப்போனது. "அப்படிச் செல்லாதீங்க. மௌத்தான பொறகும் அது என்னோட வரும்."

"வரட்டும். செத்தாலும் பொருத்தம் இல்லை."

மஸாஹிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். றவூப் நானாவின் உதடு மட்டும் அசைந்தது. கலிமாச் சொல்கிறார் என்று தெரிந்தது. கவரைத் திரும்பப் பைக்குள் வைக்க அவருக்கு இரண்டுதரம் முயல வேண்டியிருந்தது. வாசலில் நின்று, "அல்லாட வீட்டுக்குப் போற மனுசன் ஒரு சொல்லுத்தான் கேட்டு வந்த," என்றார்.

"அந்தச் சொல்லை இனி இந்த வாசலுக்குக் கொண்டுவராதேங்கோ."

போய்விட்டார்கள். தட்டம் மேசையில் கிடந்தது. குடும்பத்தைக் காப்பாற்றிய ஆம்பிளையாகக் கதிரையில் சாய்ந்தேன். கனகேஸ்வரி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். கேளாமலே சீனி கூடப் போட்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஹம்சிகா வந்தாள். கைப்பையை எறிந்துவிட்டு நேரே தட்டத்திடம் போனாள். "ஆ, முஸ்கற்! நபீஸ் வீட்டிலயிருந்து வந்திட்டினமோ?"

"வாயில வைக்காத!" என்றாள் தாய்.

"எவ்வளவு காலமா?" என்றேன் நான்.

"எது எவ்வளவு காலமா?"

"நபீஸ்."

என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். வாய்க்குள் இருந்ததை விழுங்கினாள். "அப்பா, அவன் என்னை அக்கா எண்டு கூப்பிடுறவன். நான் அவனைச் சிங்களத்தில மல்லி, தம்பி எண்டு கூப்பிடுறனான். பிராஞ்ச் முழுக்கத் தெரியும். உங்களுக்கு என்ன விசரோ?"

"அப்ப ஏன் அவை பொருத்தம் கேட்டு வந்தவை?"

ஹம்சிகா கதிரையில் இருந்துவிட்டாள். "ஐயோ அப்பா. அது மன்னிப்பு. ஹஜ்ஜுக்குப் போக முந்தி எல்லாரிட்டையும் போய்க் கேக்கிறது. 'உங்களுக்கு ஏதும் பிழை செய்திருந்தா, கடன் இருந்தா, மனசார விட்டுவிடுங்கோ' எண்டு. அதைத்தான் அவை பொருத்தம் எண்டு சொல்லுறவை. எங்கட பழைய மனேஜர் ஹஜ்ஜுக்குப் போகேக்க தேத்தண்ணி போடுற ஆள்வரைக்கும் போய்க் கேட்டவர். நீங்க என்ன சொன்னனீங்கள்?"

நான் தட்டத்தின் மினுங்கல் பேப்பரை நீவினேன்.

"அம்மா, அப்பா என்ன சொன்னவர்?"

"செத்தாலும் இல்லை எண்டு சொன்னவர்," என்றாள் கனகேஸ்வரி.

அப்போதுதான் ஹம்சிகாவின் போன் அடித்தது. நபீஸ். அவனுடைய குரல் உடைந்து வந்தது, எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, வாப்பா ஸூட்கேஸத் தொறந்து உடுப்பெல்லாம் வெளில எடுத்து வெக்கிறார். ஏஜென்ஸிக்குக் கோல் எடுத்து, நான் வரல்லண்டு செல்லண்டு நிக்கிறார். உம்மாவும் அவர் இல்லாமப் போக மாட்டாவாம். மொதலாளிக்கு நாங்க எனத்த செஞ்ச?"

நான் சட்டையை மாட்டினேன். என்னிடம் கார் இருக்கிறது, நல்ல கார். ஆனால் வெள்ளிக்கிழமை ஆறரைக்குக் காலி வீதியில் கார் நகராது. நேரே கடற்கரைப் பக்கம் இறங்கி, வெள்ளவத்தை ஸ்டேஷனில் தெஹிவளைக்கு றெயின் ஏறினேன். உட்கார இடமில்லை. எழுபது வயதில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனேன். என் வயதில் வேறு யாரென்றாலும் விழுந்திருப்பான்.

நான் போய்ச் சேர்ந்தபோது றவூப் நானா அந்தித் தொழுகையான மஃரிபை முடித்துவிட்டு அறைக்குள் இருந்தார். கட்டிலில் ஸூட்கேஸ் வாயைத் திறந்து கிடந்தது. உடுப்புகள் கதிரையில். தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துண்டுகள், ஹஜ்ஜுக்கு உடுக்கிற இஹ்ராம், அவருடைய மடியில். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க மொதலாளி," என்றார். அப்போதும் வாங்க என்றுதான் சொன்னார்.

நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு மஸாஹிரா அழுகைக்குள் சிரித்தாள். "அல்லாவே! நாங்க பொண்ணு கேட்டு வந்தண்டா நெனச்சீங்க? முஸ்கற் தட்டத்தப் பாத்தா?" நபீஸ் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். "ஹம்சிகாக்காவையா? அவ என்ட லோன் ஃபைலையே தூக்கி எறிஞ்ச ஆள்!"

றவூப் நானா மட்டும் சிரிக்கவில்லை.

"பொருத்தம், நானா. நூறு தரம் பொருத்தம்," என்றேன். "காசும் அப்பவே விட்டாச்சு. ஸூட்கேஸை அடுக்குங்கோ."

"ஒங்கட வாயால தந்தது காணா மொதலாளி."

"ஏன் காணாது? என்ர வாய்க்கு வெள்ளவத்தையில கடை கடையா மதிப்பிருக்கு."

"அதுதான் கஷ்டம்." துண்டுகளை மடித்தபடி பேசினார். "போன மாசம் கலியாண மண்டபத்தில ஒங்களுக்குப் பக்கத்தில ஈந்தவர்கிட்ட எனத்த சென்னீங்க? 'அந்தத் துணிக்கடை நிக்கிறது என்ர காசில'ண்டு. நான் பின்னுக்கு வரிசைல ஈந்த. விட்டாச்சு விட்டாச்சுண்டு செல்லிச் செல்லியே அந்தக் கடன உசிரோட வெச்சீக்கிறீங்க."

"பொய்யே சொன்னன்? நடந்ததைத்தானே சொன்னன்."

"நடந்ததுதான். அதனாலதான் தீர்க்கோணும். தொழுகை, நோன்பு எல்லாம் எனக்கும் அல்லாக்கும் உள்ள கணக்கு. அதில தவறினா அவன் மன்னிப்பான். மனுசன்ட சல்லிக் கடன அவன் மன்னிக்க மாட்டான். அந்த மனுசன்தான் தீர்க்கோணும்." கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "ஹஜ்ஜுக்குப் புள்ளைகள் குடுத்த. இது அப்படியில்ல. இது கத்தரிக்கோல் சல்லி. மாசா மாசம் சேத்தது. எடுங்க."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "பள்ளிவாசலுக்குக் குடுங்கோ."

"ஒங்கட சல்லிய நான் எப்படி மொதலாளி குடுக்கிற?"

"குடுத்த காசைத் திருப்பி வாங்கினவன் எண்டு சனம் சொல்லும், நானா."

"செல்லட்டும். என்னப் பத்திச் செல்லல்லயா?"

"நான் வாங்காட்டி?"

"நான் போகல்ல."

இது வீம்பு என்று நினைத்தேன். வீம்பில் என்னை வென்றவன் இன்னும் பிறக்கவில்லை, பார்ப்போம் என்று நின்றேன். அவர் எழும்பி, அந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினார். திறப்பைத் திருப்புகிற சத்தம் கேட்டது. மஸாஹிரா நிலத்தில் இருந்துவிட்டாள். நபீஸ் கையில் போனோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏஜென்ஸியின் நம்பர் அதில் வெளிச்சமாகத் தெரிந்தது. எடுக்கவேண்டியது ஒரு அழுத்தல்.

நான் கொடுத்துப் பழகியவன். கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, தேர்தலுக்கு நின்றவனுக்கு, தோற்றவனுக்கு. என் கை எப்போதும் மேலிருந்து கீழே போகிற கை. அதை மற்றப் பக்கம் திருப்பி யாருக்கு முன்னால் நீட்டியிருக்கிறேன்?

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு கேட்டது. றவூப் நானா கைகால் கழுவி வுழூச் செய்யப் புறப்பட்டார். வாசற்படியில் நின்று, திரும்பாமலே கேட்டார்:

"கொட்டாஞ்சேனைல என்ட கையால கஞ்சி வாங்கிக் குடிச்சீங்களே மொதலாளி. அப்ப எந்தக் கை மேல ஈந்திச்சி?"

எனக்கு அந்தக் கோப்பையின் சூடு ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும்தான் வாங்குவேன், சூடு தாங்காமல். ஒவ்வொரு நோன்புக்கும், எத்தனையோ வருடம். இந்த மனிதர் அதை ஒரு கலியாண வீட்டிலும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"நானா, இஞ்ச வாங்கோ," என்றேன். "தொழுகைக்கு நேரம் இருக்கு எண்டு எனக்கும் தெரியும். முதல்ல இதை முடிப்பம். ஆனா எண்ணித் தரோணும். எண்ணாத காசு நான் வாங்கிறதில்லை."

வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தார். நான் எதிரே கதிரையில், உடுப்புக் குவியலைத் தள்ளிவிட்டு இருந்தேன். வலது கையை நீட்டி, விரித்துப் பிடித்தேன். சீமெந்து மூட்டை தூக்கிய கை அது.

ஐயாயிரம் தாள்களாகத் தொடங்கினார். ஒவ்வொன்றாக, சத்தமாக, துணி அளக்கிற அதே குரலில். கை நிறைய மடியில் வைத்துவிட்டு மறுபடி விரித்தேன்.

"பத்தொம்பதாம் ஆண்டு நாலு இலட்சம் இண்டைக்கு ரெண்டுகூடப் பெறாது, நானா," என்றேன்.

"கூடத் தந்தா வட்டி. ஹராம். பேசாம எண்ணுங்க."

மஸாஹிரா முகத்தைத் துடைத்தாள். தாள்கள் சிறுத்துக்கொண்டு வந்தன; ஆயிரம், பிறகு ஐந்நூறு. கத்தரிக்கோல் சல்லி என்றால் அப்படித்தான் வரும். நபீஸ் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அலுமாரித் திறப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான், திருப்பாமல்.

கடைசியாக நூறு ரூபாய்த் தாள்கள். ஒன்றில் மூலை கிழிந்திருந்தது. அதை விளக்குக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு வேறு தாள் தேடினார்.

"அது காணும், தாங்கோ," என்றேன். "பொருத்தம்."

அவர் அந்தக் கிழிந்த தாளை நீவி, என் உள்ளங்கையில் வைத்தார்.